ஆமையைத் தடை செய்த அக்கா

அக்காவிடம் போய் எந்த ஜந்துவைத் தடை செய்யச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும்.

"நீங்க அதை வச்சு ஆடிப் பாத்தீங்களா?"

நாங்கள் போன் விளையாட்டு ஆடக் கூடும் மாடி அறையில் இந்தக் கேள்வியை அதிகம் வாங்கியவன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரிடம் தோற்றாலும், அவர் நன்றாக ஆடினார் என்று என் மனசு ஒப்புக்கொள்ளாது. அவர் வைத்திருக்கும் ஜந்துதான் அநியாயம், அதை உடனே தூக்கவேண்டும் என்று தோன்றும். நான் முதன்முதலில் மேசையைத் தட்டியது குளவிக்கு எதிராக. ஒரு கல்லூரி மாணவர் அந்தக் குளவியை வைத்து என்னுடைய ஆறு ஜந்துக்களையும் வரிசையாகக் கொட்டித் தீர்த்திருந்தார். பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்த அக்கா, கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். அந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப மாத்தி உட்காருங்க."

போனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆள் மட்டும் நாற்காலி மாற வேண்டும். நான் குளவியின் பக்கம் போனேன், மாணவர் என் பக்கம் வந்தார். அரை மணி நேரத்தில், நான் ஒரு மாதமாக வளர்த்த ஜந்துக்களை வைத்தே அவர் என்னைத் தோற்கடித்தார். குளவி என் கையில் சும்மா சுற்றிச்சுற்றி வந்ததே தவிர ஒன்றையும் கொட்டவில்லை.

"குளவி மேல தப்பு இல்லைங்களே," என்றார் அக்கா. அதைக் கேட்டு எல்லாரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அந்த மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போனில் ஆடுவது. ஆளுக்கு ஆறு ஜந்துக்களை வளர்த்துப் பழக்கி, எதிராளியின் ஆறோடு மோதவிட வேண்டும். நெருப்பு கக்குவது, மண்ணுக்குள் புதைவது, எதிரியைத் தூங்கவைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வித்தை உண்டு. எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள் என்பதால் ஓணான், குளவி, தூங்குமூஞ்சி என்று எங்கள் வசதிக்குப் பெயர் வைத்துக்கொண்டோம். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவ்வப்போது அதில் மாற்றம் செய்வார்கள். அப்போது ஏதாவது ஒன்று அளவுக்கு மீறி வலுவாகிவிடும். அப்படி ஒன்று கிளம்பிவிட்டால் எல்லாரும் அதையே தூக்கிக்கொண்டு வருவார்கள், மற்றதெல்லாம் வீண். ஆகவே சேர்ந்து ஆடுகிற ஒவ்வொரு கூட்டமும், இங்கே எது கூடாது என்று தானே கைதூக்கி முடிவு செய்துகொள்ளும். எங்கள் கூட்டம் புத்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் ஞாயிறு மதியம் கூடும். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துப் போவேன்.

என் அப்பாவுக்கு இது தாங்கவே தாங்காது. "லோகத்துல எல்லாரும் ஞாயித்துக்கிழமைன்னா பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வரா. நீ இங்கேருந்து கிளம்பிப் புத்தூருக்குப் போய் ஓணானுக்குச் சண்டை மூட்டி விடறாய்," என்பார். உத்தர வீதியில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் ஆறு நாளும் யாத்திரை வருகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஏழாம் நாள் ஓணானின் முகத்தைப் பார்க்கவேண்டும்போல் இருப்பது அவருக்குப் புரியவில்லை.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது போன் பண்ணி, "என்கிட்ட கேட்டீங்களா?" என்பார். அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். நாற்பதைத் தாண்டியவர். புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் வேலை. அந்த வேலை ஞாயிற்றுக்கிழமையும் அவரை விடவில்லை. உயிர் போகிற ஆட்டத்தில் இருப்போம், பின்னாலிருந்து குரல் வரும்: "தம்பி, கண்ணைச் சிமிட்டுங்க. இப்படி முறைச்சுப் பாத்தா ஜந்து செத்துடுமா என்ன?" யாருடைய போனிலாவது வெளிச்சம் கூடுதலாக இருந்தால் கேட்காமலே கை நீட்டிக் குறைத்துவிடுவார். கல்லூரி முதல் வருஷத்துப் பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். திட்டுவதும் அதே மரியாதையோடு நடக்கும் என்பதால் திட்டு வாங்கியவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் அது திட்டு என்று தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாளும் மற்றவர்களுக்கு எது தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டுக்கேட்டுப் பழகியவர். அதனாலோ என்னவோ, ஒருவர் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு அடித்துப் பேசுவது அவருக்கு ஆகவே ஆகாது. "தோத்தவங்க மட்டும் ஓட்டுப் போடக் கூடாது. ஜெயிச்சவங்க மட்டும் போடக் கூடாது. ரெண்டும் பண்ணவங்க போடட்டும்." இதுதான் அவர் எங்கள் கூட்டத்துக்குப் போட்ட ஒரே சட்டம். ஒரு ஜந்துவைத் தடை செய்யவேண்டும் என்று யார் கேட்டாலும் சரி, அதை எதிர்த்து ஆடியிருக்க வேண்டும், அதை வைத்தும் ஆடியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் கை தூக்கலாம். மற்ற ஊர்க் கூட்டங்களில் பத்து நிமிஷத்தில் முடியும் தடை, எங்களிடம் மாதக்கணக்கில் இழுக்கும். மதுரைக்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள்.

தூங்குமூஞ்சி விவகாரம் அப்படித்தான் இழுத்தது. பஞ்சுமூட்டைக்குக் கால் முளைத்ததுபோல் ஒரு ஜந்து. எதிரில் வருவதையெல்லாம் கொட்டாவி விட்டே தூங்கவைத்துவிடும். அதை ஒழிக்கவேண்டும் என்று ஏறக்குறைய எல்லாரும் சேர்ந்து கத்தினோம். நாற்காலி மாற்றி ஆடியும் பார்த்தாயிற்று. அதை வைத்துக்கொண்டு ஜெயிப்பது அப்படியொன்றும் சுலபமாக இல்லை என்று எல்லாருக்கும் உள்ளூரத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. "கடுப்பா இருக்குக்கா," என்றேன் நான்.

"கடுப்பா இருக்குங்கிறதெல்லாம் ஒரு காரணமாங்க? எங்க வீட்டுக்காரர்கூடத்தான் கடுப்பா இருக்காரு."

தூங்குமூஞ்சி தப்பியது.

அந்த வீட்டுக்காரர் பாவம், சாதுவான மனுஷர். மின்வாரியத்தில் வேலை. சில ஞாயிறுகளில் அக்காவைக் கூட்டிப்போக வந்து பேக்கரி வாசலில் வண்டியில் சாய்ந்து நிற்பார். ஒரு தடவை நான் டீ வாங்கக் கீழே போனபோது கேட்டேன், வீட்டிலும் அக்கா இப்படித்தானா என்று. "ரிமோட்டுக்குச் சண்டை வந்துச்சு தம்பி. மாத்தி உட்காருங்கன்னு சொல்லிட்டா. ஒரு மாசம் நான் அவ சீரியலைப் பாத்தேன், அவ என் கிரிக்கெட்டைப் பாத்தா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ கிரிக்கெட்டை விடமாட்டேங்கிறா. நான் சீரியல்ல மாட்டிக்கிட்டேன்."

அவர்களுடைய அப்பார்ட்மென்டிலும் ஒரு கதை உண்டு. லிப்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் நிறுத்தக் கூடாது என்று கார் வைத்திருந்த ஒரு பெரியவர் தடை கேட்டாராம். அக்கா தன் ஸ்கூட்டர் சாவியை அவர் கையில் கொடுத்து, அதை லிப்டுக்கு எட்ட நிறுத்தி ஒரு வாரம் ஆபீஸ் போய்வரும்படி கேட்டுக்கொண்டார். மனுஷர் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்து, கோரிக்கையையும் வாபஸ் வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கூடவே, இந்த அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய பாடுதான் என்றும் தோன்றும்.

அக்காவிடம் ஓர் ஆமை இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அதுதான் அவருடைய முக்கியமான ஜந்து. முதுகில் பாசி படிந்த, அரைக்கண் மூடிய, மகா மந்தமான ஆமை. அடி பட்டால் ஓட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வரும். ஓர் ஆட்டத்தில் ஒரு முறைதான் அப்படிச் செய்ய முடியும். எங்களில் வேறு யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அக்கா மட்டும் அதை எப்போது உள்ளே அனுப்பலாம், எப்போது வெளியே கூப்பிடலாம் என்று தெரிந்து ஆடுவார். எங்களில் பாதிப் பேரை அதை வைத்தே அடித்துவிடுவார்.

ஒரு மாற்றம் வந்தது. ஆமை இனிமேல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுக்குள் போய்வரலாம் என்று விளையாட்டுக்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒருவரிடமும் தோற்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நாங்கள் அடிப்போம், ஆமை உள்ளே போகும், தளதளவென்று வெளியே வரும். மறுபடி அடிப்போம், மறுபடி உள்ளே போகும். எங்களுக்குக் கை ஓய்ந்துவிடும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. எடுத்ததற்கெல்லாம் தடை கேட்கும் எனக்கே வாய் வரவில்லை. அது அக்காவின் ஆமை. அதைத் தடை செய்யவேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சொன்னவர் வையம்பட்டிக்காரர். ஊரில் கடலையும் முருங்கையும் போடுகிறவர், முப்பது வயதிருக்கும். ஞாயிறுதோறும் திண்டுக்கல் பஸ்ஸில் வந்து இறங்குவார், வந்த களைப்பு போவதற்குள் ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார். அக்காவிடம் தோற்றுவிட்டுப் போனை நிதானமாக மேசையில் வைத்தார்.

"ஏங்க்கா, இந்த ஆமையைத் தடை பண்ணிரணுங்க. இதுக்கு மேல இதுல ஆட என்னங்க இருக்கு?"

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வாரமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் எழுந்தார்.

"மாத்தி உட்காருங்க."

வையம்பட்டிக்காரர் ஆமையை வைத்து அக்காவை மூன்று முறை அடித்தார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே, "சரிதாங்க. இது ஆகாது," என்றார். ஆனால் சட்டம் சட்டம்தானே. ஓட்டுப் போடுகிற எல்லாரும் ஆமையை வைத்தும் ஆடிப் பார்த்திருக்க வேண்டும். அக்கா தன் போனை மேசை மேசையாகக் கொடுத்தனுப்பினார். வாரா வாரம் சிலராக ஆடினோம். எனக்கும் முறை வந்தது.

அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன். யார் என்ன செய்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. என்னைக் குளவியை வைத்துக் கொட்டிய அந்த மாணவர் எதிரில் உட்கார்ந்து மூளையைக் கசக்குகிறார், நான் ஆமையை உள்ளே அனுப்பிவிட்டு முட்டை பப்ஸ் சாப்பிடுகிறேன். ஜெயித்தேன். மறுபடியும் ஜெயித்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எனக்கென்று ஓர் ஆமையைப் பிடித்து வளர்க்கத் தொடங்கினேன்.

எல்லாரும் ஆடி முடித்த பிறகு ஓட்டு நடந்தது. ஆமையைத் தடை செய்யலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அக்கா. தானே முதலில் தூக்கினார். சுற்றிப் பார்த்தார். அவருடைய கை மட்டும்தான் மேலே நின்றது. வையம்பட்டிக்காரர்கூடத் தூக்கவில்லை. அக்கா அவரைப் பார்த்த பார்வைக்கு அவர் நெளிந்துகொண்டே பதில் சொன்னார்.

"இல்லைங்க்கா, வச்சு ஆடிப் பாத்தனா, நல்லாத்தாங்க இருக்கு."

அடுத்த வாரம் எல்லார் போனிலும் ஆமை. ஒரு பக்க ஆமை உள்ளே போகும், மறுபக்க ஆமை காத்திருக்கும். இது வெளியே வரும், அது உள்ளே போகும். ஓர் ஆட்டம் முடிவதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிடும். முன்பெல்லாம் அந்த அறையில் ஒருவர் ஆட்டத்தை நான்கு பேர் நின்று பார்த்துக் கத்திக்கொண்டிருப்போம். இப்போது அவரவர் ஆமையோடு அவரவர். புதிதாக இரண்டு பேர் வந்து, கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்கள். கூட்டம் பாதியானது. வையம்பட்டிக்காரரும் வரவில்லை. போன் செய்தபோது, "ஆமையைப் பாக்க எதுக்குங்க பஸ் ஏறணும், எங்க கெணத்துலயே கெடக்கு," என்றார்.

பேக்கரிக்காரர் ஒரு நாள் படியேறி வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். "முன்னெல்லாம் நீங்க போடுற சத்தத்துல கீழ கஸ்டமர் என்ன கேக்குறாங்கன்னே தெரியாது. இப்ப ஆள் இருக்கீங்களான்னு வந்து பாக்க வேண்டியிருக்கு. யோகா கிளாஸுக்கு இந்த ரூமைக் கேக்குறாங்க. அவங்களும் சும்மாதான் உக்காந்திருப்பாங்களாம். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அறை போனால் கூட்டமும் போனது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்காவோடு நடந்தேன். அவருடைய வீட்டுக்காரர் அன்று வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆமை கிடையாதுன்னு சொல்லுங்க. யாரு கேக்கப்போறா?"

"கேக்கமாட்டாங்க. அதான் பிரச்சினை," என்றார். "இவருக்கு மாத்தல் வரும்போல இருக்கு. வந்தா நாங்க கிளம்பிடுவோம். நான் சொல்லி நின்னது, நான் போனதும் விழுந்துடும்."

ஒரு மருந்துக் கடை வாசலில் செருப்பைச் சரிசெய்வதற்காக நின்றார்.

"தப்பு என் சட்டத்துலதாங்க. ஒரு ஆளு கையில ஜெயிக்கிறதைக் கொடுத்துட்டு, இதை வேண்டாம்னு சொல்றீங்களான்னு கேட்டா எவங்க சொல்லுவாங்க? எனக்கு அது தோணவே இல்லை."

"நீங்க மட்டும் வேண்டாம்னு கை தூக்கினீங்களே?"

அதற்கு அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் அதே குரலில் கேட்க முடிகிறது. "தம்பி, எனக்கு ஆமையைத் தவிர வேற எதுவும் ஆடத் தெரியாது. இத்தனை வருஷமா அது ஒண்ணை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். அது போச்சுன்னா உங்க அத்தனை பேர்கிட்டயும் வரிசையா தோக்கணும். கை தூக்கறப்ப பயமாத்தான் இருந்துச்சு. நல்லவேளை, யாரும் தூக்கலைன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கலை."

அக்காவுக்குத் தோற்கப் பயம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எங்கள் வாட்ஸப் குழுவில் அக்காவின் குரல்பதிவு வந்தது. "ஆஸ்பத்திரியில ஒரு கண்ணாடியை மட்டும் போட்டு, நல்லாத் தெரியுதான்னு கேட்டா எல்லாரும் நல்லாத் தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டாவதையும் போட்டுக் காட்டினாத்தான் எது நல்லதுன்னு அவங்களுக்கே தெரியும். உங்களுக்கு நான் ஒரு கண்ணாடியைத்தான் போட்டுக் காட்டியிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை ஆமை இல்லாம ஒரே ஒரு தடவை ஆடுவோம். தடை இல்லை, ஒரு நாளைக்கு மட்டும். முடிஞ்ச உடனே ஓட்டு. வராதவங்களையும் கூப்பிடுங்க." வையம்பட்டிக்காரரைக் கூப்பிடும் பொறுப்பு என்னுடையது. கொஞ்சம் பிகு பண்ணினார். முருங்கைக்காய் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வரவழைத்தேன்.

அந்த ஞாயிறு முதல் அரை மணி நேரம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆமை இல்லாமல் எல்லாருக்கும் கை கட்டிப்போட்டதுபோல் இருந்தது. பழைய ஜந்துக்கள் என்னென்ன செய்யும் என்பதே பாதிப் பேருக்கு மறந்திருந்தது. யாரோ ஒருவர் தன் ஓணானைத் தப்பான நேரத்தில் இறக்க, அது நெருப்பை எதிரி மேல் கக்குவதற்குப் பதில் காற்றில் கக்கிவிட்டுத் திருதிருவென்று நின்றது. அந்த அறையில் பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பிறகு ஒவ்வொரு மேசையாகச் சத்தம் ஏறியது. எனக்கும் வையம்பட்டிக்காரருக்கும் நடந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே ஒரு ஜந்து மிச்சம். அவரிடம் தூங்குமூஞ்சி, என்னிடம் ஒரு நண்டு. எங்கள் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் வந்து நின்றுவிட்டார்கள். தூங்குமூஞ்சி கொட்டாவி விட வாயைத் திறந்த நேரத்தில் என் நண்டு பாய்ந்து அதைக் கவ்வியது. நான் நாற்காலியிலிருந்து துள்ளியதில் யாருடைய டீயோ என் சட்டையில் கொட்டியது. பேக்கரிக்காரர் கீழேயிருந்து, "என்னங்க அங்க?" என்று குரல் கொடுத்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா ஓர் ஓரத்தில் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆமை இல்லாமல் அவருக்கு நிஜமாகவே ஆட வரவில்லை. எதிராளி அடிக்கும்போது ஒளிந்துகொள்ள ஓடு இல்லாமல் தவித்தார். எல்லாவற்றையும் ஒரு விநாடி தாமதமாகச் செய்தார். எல்லாரிடமும் தோற்றார். எப்போதாவது ஒருமுறை வருகிற ஒரு ரிட்டையர்டு வாத்தியாரிடம்கூடத் தோற்றார். எனக்கு அதைப் பார்க்க வேதனையாக இருந்தது. போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும்படி ஜாடை காட்டிவிட்டுத் தன் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஓட்டு நடந்தது. இந்த முறை எங்கள் எல்லாருடைய கையும் ஒன்றாக எழுந்தது. என்னுடையதும்தான். தடை கேட்டே பழகிய என் கைக்கு அன்றுதான் கொஞ்சம் கனம் தெரிந்தது, ஏனென்றால் என் போனில் நான் ஆசையாக வளர்த்த ஆமை இருந்தது. அக்கா கடைசியாகக் கை தூக்கினார். யோகா கிளாஸுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகப் பேக்கரிக்காரர் மறுவாரம் தானாகவே வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா எங்களோடு இருந்தது கொஞ்ச காலம்தான். மாற்றல் வந்து ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். போகும்வரை ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. எங்கள் கூட்டம் இப்போதும் அதே மாடியில்தான் கூடுகிறது. முன்பைவிட ஆள் அதிகம், நாற்காலி போதாமல் சிலர் ஜன்னல் திட்டில் உட்காருகிறார்கள். அவரை நினைத்துக்கொள்ளும்போது எனக்கு அந்த ஓட்டு முதலில் நினைவுக்கு வருவதில்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்து நடந்த ஒன்றுதான் வருகிறது.

அன்று ஒரு பெண் புதிதாக வந்திருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தவர், முதல் தடவை என்பதால் கதவருகிலேயே தயங்கி நின்றார். அக்கா அவரை அழைத்துத் தன் எதிரில் உட்காரவைத்துக்கொண்டார். ஆட்டம் இழுபறியாகத்தான் போனது. அக்கா ஏதோ ஒரு கோழியைப் பழக்கிக்கொண்டிருந்தார் அப்போது. அந்தக் கோழி அவர் சொன்னதைக் கேட்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவருக்கே அதை நம்ப முடியாமல் முகமெல்லாம் சிவந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், இந்த அறையே யாரால் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தன்னால் ஒருவர் தோற்றுவிட்டாரே என்ற சங்கடத்தில் மேசைக்குக் குறுக்கே குனிந்து ஆறுதலாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க இங்க புதுசா? கவலைப்படாதீங்க, ஆட ஆட வந்துரும்."

பக்கத்து மேசையிலிருந்த நான், அவர் யாரென்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. கோழியை மறுபடி வரிசையில் முதலாவதாக வைத்தார்.

"ஆமாங்க, புதுசுதான்," என்றார். "இன்னொரு ஆட்டம் போடலாமா?"